ஆடிக் காற்று குடித்த டீசல்

பணகுடி தாண்டியதும் வண்டி சட்டென்று இடப்பக்கம் தள்ளாடியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கைகளும் இறுகிவிட்டதைப் பார்த்தேன். காவல்கிணற்றில் நாகர்கோவில் சாலைக்குத் திரும்பிய பிறகு தள்ளாட்டம் நின்றது. காற்று இப்போது நேர் எதிரே வந்துகொண்டிருந்தது. நாலாவது கியரில் போன வண்டி மூன்றாவதைக் கேட்டது. முப்பந்தலில் இருபுறமும் காற்றாலைகள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல் வேகமாகச் சுழன்றன. அவற்றுக்கு அது சம்பாத்தியம், எங்களுக்கு அது செலவு.

அது 2022 ஆடி மாதம். கேரவன் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாங்கள், வாங்குவதற்கு முன் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று தெரிந்தவர் ஒருவரிடம் வாடகைக்கு எடுத்த வண்டி அது. சிறிய லாரி சேசிஸ் மேல் பெட்டிபோல் கட்டியது. உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், குளிக்கலாம், நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் ஓடி வந்து, "டீச்சர், ஷூட்டிங்கா? யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். நான் இறங்கியதும் அவர்கள் முகம் வாடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். எதையும் எழுதி வைக்காமல் இருக்க முடியாது. பாளையங்கோட்டையில் டேங்கை நிரப்பினோம். நாகர்கோவில் போய்ச் சேர்ந்ததும் மறுபடி நிரப்பினோம்: 82 கிலோமீட்டர், 13.1 லிட்டர். லிட்டருக்கு ஆறேகால். கணவருக்கு மயக்கமே வந்துவிட்டது. மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது அதே 82 கிலோமீட்டருக்கு 8.9 லிட்டர்தான் ஆனது. அதாவது ஒன்பதேகால். ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே ஓட்டுநர். மேற்கே போகும்போது ஒரு கணக்கு, கிழக்கே வரும்போது ஒரு கணக்கு.

வண்ணார்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். இன்ஜெக்டர், ஃபில்டர், கிளட்ச் என்று ஏதாவது குறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வண்டியின் முகப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சர், இது வண்டி இல்லை, சுவர். சுவரைத் தள்ளிக்கொண்டு போனால் இன்ஜின் பாவம் என்ன செய்யும்?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வண்டி 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, எதிர்காற்று 30 என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் முகத்துக்கு அது 100. நூறை எழுபதால் வகுத்து வர்க்கப்படுத்தினால் 2.04. தடை இரண்டு மடங்கு. திரும்பி வரும்போது காற்று முதுகில் இருக்கிறது, வண்டி உணர்வது 40 மட்டுமே. தடை மூன்றில் ஒரு பங்காகிவிடும். "போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாம்" என்று பலரும் நினைப்பது இங்கேதான் தவறுகிறது. 2.04, 0.33 இரண்டின் சராசரி 1.18. போய்த் திரும்பும் பயணம் முழுவதையும் சேர்த்தாலும் காற்றில்லாத நாளைவிடத் தடை 18 சதவீதம் அதிகம். காற்று எடுத்துக்கொண்டதை முழுவதும் திருப்பித் தருவதில்லை.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வழி தேடி நுழையும் பெரிய இடைவெளிகள் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. அவற்றில் இரண்டு நம் வாசலில் இருக்கின்றன. வைகாசிக் கடைசியில் தொடங்கி புரட்டாசி வரை தென்காசிச் சாலையும் நாகர்கோவில் சாலையும் காற்றுக்குச் சொந்தம். அம்மி பறக்கிறதோ இல்லையோ, டீசல் பறக்கும்.

சரி, வண்டியின் உயரம் அகலம் என்ன என்று டேப் பிடித்து அளந்தேன். அந்தப் பெட்டி வண்டியின் அகலம் 2.2 மீட்டர், உயரம் 3.1. பெருக்கினால் தோராயமாக 6.8 சதுர மீட்டர் சுவர். அண்ணாச்சியின் பட்டறையில் ஒரு டெம்போ டிராவலர் நின்றது. அதையும் அளந்தேன், ஏறத்தாழ 4.9. அதோடு அதன் முகம் சாய்ந்திருக்கிறது, முனைகள் உருண்டிருக்கின்றன. பெட்டி வண்டியில் ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை நெற்றிபோல் துருத்திக்கொண்டு நின்றது. காற்று வந்து மோதி நிற்பதற்கென்றே கட்டிய நெற்றி.

அமெரிக்காவில் இருக்கும் என் மகள் போனில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அங்கே இவற்றுக்கு ஏ, பி, சி என்று வகுப்பே பிரித்திருக்கிறார்கள்: பஸ்போல் இருப்பது ஏ வகுப்பு, வேனுக்குள்ளேயே வீடு அமைத்தது பி, நெற்றி துருத்தியது சி. அவர்கள் ஒரு விடுமுறைக்கு எடுத்த சி வகுப்பு வண்டி கேலனுக்கு 9 மைல் கொடுத்ததாம். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். நம் கணக்கில் லிட்டருக்கு 3.8 கிலோமீட்டர். "உங்கள் ஆறேகாலுக்கு நீங்கள் கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டும் அம்மா" என்றாள்.

அடுத்த சுற்றில் எதிர்த்திசைக்குப் போனோம். நாத்தனார் மகனிடம் ஒரு சிறிய பெட்ரோல் வேன் இருந்தது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டு மெத்தை விரித்து உவரிக்குக் கிளம்பினோம். லிட்டருக்கு 14 கொடுத்தது. எனக்கு ஒரே பூரிப்பு. இரவு எட்டு மணிக்குப் பூரிப்பு போய்விட்டது. உள்ளே நிமிர்ந்து உட்காரவே முடியாது. அடுப்பை வெளியேதான் வைக்க வேண்டும். கடல் காற்றில் நாலு தீக்குச்சி வீணாகி, ஐந்தாவதில் பற்றி, தண்ணீர் கொதிப்பதற்குள் அணைந்தது. விடிந்தபோது கணவரால் முழங்காலை மடக்க முடியவில்லை. பிறகு அறுபது வயதுக்காரர்கள் இருவரும் லாட்ஜில் அறை எடுத்தோம். அறை வாடகையையும் சேர்த்தால் அந்தப் பயணத்தின் "மைலேஜ்" என்ன என்று நோட்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால் பெட்டி வண்டியே ஜெயித்திருக்கும். பெட்ரோல் வேன் யோசிப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலந்த லிட்டரில் ஆறேழு சதவீத ஆற்றல் குறையும். பழைய வண்டியின் பழைய மைலேஜை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

காரின் பின்னால் இழுத்துப்போகும் கேரவனையும் ஒருவர் காட்டினார். சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமச் சாலையில் எதிரே டவுன் பஸ் வந்தால் அதை ரிவர்ஸ் எடுப்பது யார் என்று கேட்டேன். பேச்சு அங்கேயே முடிந்தது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டுத்தான் மேலே போனோம். போடாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடம் வாதம் செய்துகொண்டே இருந்திருப்போம். வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டப்போகிறோம்? 6,000 என்று கணவர் சொன்னார். லிட்டருக்கு ஏழரை கொடுக்கும் வண்டிக்கு 800 லிட்டர் வேண்டும், பத்தரை கொடுக்கும் வண்டிக்கு 571 லிட்டர். டீசல் 93 ரூபாய் என்றால் வித்தியாசம் வருடத்துக்கு சுமார் 21,300 ரூபாய். அது கவனிக்க வேண்டிய தொகைதான். ஆனால் 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓடுபவருக்கு அது சுமார் 10,600 ரூபாய்தான். பத்து லட்சத்துக்கு மேல் போட்டு வண்டி வாங்குகிறவர் அந்தப் பத்தாயிரத்துக்காக முதுகுவலியை வாங்கிக்கொள்வது என் பார்வையில் அறிவீனம். மைலேஜைப் பற்றிக் கேட்பவர்கள் யாரும் முதலில் தங்கள் கிலோமீட்டரைச் சொல்வதில்லை.

கடைசியில் 2023இல் வேன்தான் வாங்கினோம். பழைய டிராவலர் ஒன்று. டாடா விங்கரையும் பார்த்தோம். அது முன்சக்கரம் இழுக்கும் வண்டி, தளம் தாழ்ந்திருக்கும், ஏறி இறங்க என் முழங்காலுக்குச் சுகம். டிராவலர் பின்சக்கரம் தள்ளும் வண்டி. படுக்கை, தண்ணீர், பேட்டரி எல்லாம் பின்னால் ஏறும்போது பாரம் பின்சக்கரத்தில் விழும். மணல் பார்த்த ஊர் நம்முடையது. கடற்கரைக் கிராமங்களில் சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் பாரம் இருக்கும் சக்கரமே ஓட்டும் சக்கரமாக இருப்பது நல்லது என்று கணவர் நினைத்தார். நான் விங்கர் கட்சி. தோற்றுவிட்டேன். ஏறுவதற்கு ஒரு மடக்குப் படி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

உள் வேலையைச் செய்த பட்டறையின் பெயர் வேண்டாம். மரவேலை நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் நாங்கள் கேட்காமலே கூரையில் ஒரு கேரியர், பக்கவாட்டில் ஒரு பந்தல், பின்னால் ஏணி என்று மாட்டிவிட்டார்கள். "கேரவன் என்றால் இதெல்லாம் இருக்க வேண்டும் மேடம், லுக் வரும்." லுக் வந்தது. லிட்டருக்கு 9.7 வந்தது. கேரியரில் நாங்கள் எதையும் வைத்ததே இல்லை. ஒரே ஒரு முறை பாவூர்சத்திரம் சந்தையில் வாங்கிய வாழைத்தார் இரண்டு போனது. ஒரு வருடம் கழித்துக் கேரியரையும் ஏணியையும் கழற்றினேன். அடுத்த ஆறு டேங்க்கின் சராசரி 10.4. வெறும் இரும்புக் கம்பிதானே என்று நினைப்போம். காற்று ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக எண்ணுகிறது.

கூரை ஏசியின் மூடி தானாகவே கழன்றது. முக்கூடல் சாலையில் ஒரு புளியமரத்தின் கிளை அதை எடுத்துக்கொண்டது. உயரம் வாங்குபவர்கள் நம் பக்கத்துச் சாலைப் புளியமரங்களையும் தெருக்களில் தொங்கும் கேபிள்களையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

தண்ணீர் டேங்க்கை அந்தப் பட்டறைக்காரர்கள் பின் அச்சுக்கும் பின்னால் இடது மூலையில் வைத்திருந்தார்கள். வண்டி ஏன் எப்போதும் ஒரு பக்கம் கனப்பதுபோல் இருக்கிறது என்று புரியாமல், தாழையூத்துப் பக்கம் ஒரு எடைமேடையில் கொண்டுபோய் நிறுத்தினோம். முதலில் முழு வண்டி, பிறகு முன்சக்கரங்கள் மட்டும், பிறகு பின்சக்கரங்கள் மட்டும். மேடைக்காரர் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் மூன்று சீட்டும் கொடுத்தார். ஆர்.சி.யில் அனுமதித்த மொத்த எடைக்கு 140 கிலோதான் மிச்சம் இருந்தது. டேங்க்கை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே மாற்றினோம். கேரவன் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்யலாம். அரை மணி நேரம்கூட ஆகாது.

எடை என்று வந்ததால் சொல்கிறேன். எல்லோரும் "எடையைக் குறை, மைலேஜ் வரும்" என்றுதான் சொல்வார்கள். நானும் நம்பினேன். 120 லிட்டர் தண்ணீரை நிரப்பிக்கொண்டு சீசனில் குற்றாலத்துக்குப் போன புத்திசாலிகள் நாங்கள். ஐந்தருவிக்குத் தண்ணீர் சுமந்து போனோம் என்று சம்பந்தி வீட்டில் இன்றுவரை கேலி செய்கிறார்கள். அங்கிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் தென்மலைக்கு மலை ஏறும்போது, இந்தத் தண்ணீருக்கு எவ்வளவு டீசல் போகிறதோ என்று எனக்கு வயிற்றெரிச்சல். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 120 கிலோவை ஆயிரம் மீட்டர் உயரம் ஏற்ற, இன்ஜினின் நஷ்டத்தையும் சேர்த்தாலும், ஆகும் டீசல் 110 மில்லிலிட்டர். டீக்கடைக் கண்ணாடித் தம்ளர் ஒன்று. அவ்வளவுதான்! நான் அதை மூன்று முறை சரிபார்த்தேன். சமதளத்திலும் நூறு கிலோமீட்டருக்கு இன்னொரு தம்ளர் ஆகலாம். பிரேக்குக்கும் டயருக்கும் பாரம் கெடுதல்; இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்காவிட்டால் பிரேக் கருகும் வாசனை மூக்கில் ஏறும். அதற்காக எடையைக் குறையுங்கள். டீசலுக்காக என்றால் முதலில் கூரையைப் பாருங்கள்.

அடுத்தது வேகம். மதுரை வரை நாலுவழிச் சாலையில் ஒரே மாதத்தில் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. ஒரு முறை 63ஐ ஒட்டி, ஒரு முறை 83ஐ ஒட்டி ஓட்டச் சொன்னேன். முதல் முறை லிட்டருக்கு 12.1, இரண்டாம் முறை 9.3. 160 கிலோமீட்டருக்கு நாலு லிட்டர் வித்தியாசம், ஏறத்தாழ 370 ரூபாய். மிச்சமான நேரம் 36 நிமிடம். அந்த 36 நிமிடத்தையும் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கி, டீ குடித்துச் செலவழித்துவிட்டோம். இப்போது கணவர் தானாகவே அறுபத்தைந்தில் நிற்கிறார். லாரிகள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

மைலேஜ் எடுப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒரே பங்க், முடிந்தால் ஒரே முனை, நாசில் முதல் முறை தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிட வேண்டும். ரூபாயை முழுமையாக்க மேலே ஊற்றவிடக் கூடாது. ஒரு டேங்க் கணக்கு பொய் சொல்லும். நான் மேலே சொன்ன நாகர்கோவில் கணக்கிலேயே அரை லிட்டர் முன்னே பின்னே இருக்கலாம். ஐந்தாறு டேங்க் சேர்ந்தால்தான் உண்மை தெரியும். டயர் அளவை மாற்றியிருந்தால் கிலோமீட்டர் மீட்டரே தவறாகக் காட்டும். காற்றழுத்தத்தைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் நாற்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து பார்த்தால் அழுத்தம் கூடித்தான் காட்டும். "அதிகம் இருக்கிறது" என்று இறக்கிவிடுவார்கள். மறுநாள் காலை டயர் குறைந்து நிற்கும்.

ஓடாமலே குடிக்கும் டீசல் ஒன்று இருக்கிறது. பங்குனியில் கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கப் போனோம். ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கும் ஊர் அது. இரவில் புழுக்கம் தாங்கவில்லை. கணவர் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டார். ஆறு மணி நேரத்தில் ஏழு லிட்டர் போய்விட்டது. எழுபது கிலோமீட்டர் ஓட வேண்டிய டீசல், நின்ற இடத்திலேயே. அதைவிட எனக்குப் பிற்பாடுதான் பயம் வந்தது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் தூங்கிய இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்துவிட்டது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்றே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன்: தூங்கும்போது இன்ஜினும் கிடையாது, ஜெனரேட்டரும் கிடையாது. எச்சரிக்கை மணி ஒன்றும் வாங்கி மாட்டினோம்.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் பேட்டரிப் பக்கத்தை என் கணவர் பார்த்துக்கொண்டார். 12 வோல்ட்டில் 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது ஏறத்தாழ இரண்டரை யூனிட். சின்ன ஏசி மூன்று மணி நேரத்தில் அதை முடித்துவிடும். கூரையில் புகைபோக்கிபோல் வைக்கும் மின்விசிறி விடியவிடிய ஓடினாலும் கால் யூனிட்தான். ஏசியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையிலேயே விசிறியை வைத்தோம். புளியமரம் பாதி வேலையை முடித்திருந்தது. கூரையும் தாழ்ந்தது, டீசலும் கொஞ்சம் மிஞ்சியது. சித்திரை, வைகாசியில் நாங்கள் இரவு தங்கப் போவதில்லை. வீட்டு மொட்டைமாடியே போதும்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. அதன்படி கட்டுகிறார்களா, மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறார்களா என்று பட்டறையில் முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். ஆர்.சி. வேலைக்கு எங்களை நாலு மாதம் அலைய விட்டார்கள். அது வேறு கதை.

போன ஆடியில் அதே நாகர்கோவில் சாலையில் இந்த வேனைக் கொண்டுபோனோம். போகும்போது 82 கிலோமீட்டருக்கு 9.6 லிட்டர், வரும்போது 7.1. பழைய பெட்டி வண்டி போய்வரக் குடித்தது 22 லிட்டர், இது 16.7. உள்ளே குளியலறை கிடையாது, நாலு பேர் படுக்க முடியாது, நான் நிமிர்ந்தால் தலை தட்டாது, அவர் நிமிர்ந்தால் தட்டும். அவர் குனிந்து நடக்கப் பழகிவிட்டார்.

இந்த ஆடிக்கும் போகிறோம். மேற்கிலிருந்து வரும் காற்று வெயில் ஏற ஏறத்தான் வேகம் பிடிக்கும். விடியற்காலையில் அவ்வளவு இருக்காது. நாலரை மணிக்கே கிளம்பினால் ஆறு மணிக்குள் முப்பந்தலைத் தாண்டிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஐந்தரை என்கிறார். நோட்டில் இரண்டு நேரத்துக்கும் தனித்தனியாகக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.